4 நிமிஷ டான்ஸுக்கு 3 வருஷ இ.எம்.ஐ. வேணுமா? ரிசப்ஷன் ஃபாக் எஃபெக்ட்டை பட்ஜெட்ல முடிப்பது எப்படி?



கல்யாணச் செலவுன்னு சொன்னதும் நம்ம எல்லாருக்கும் மண்டபம், சாப்பாடு, நகை இந்த மூணும்தான் ஞாபகத்துக்கு வரும். ஆனா பட்ஜெட் எங்க உடையுதுன்னு பார்த்தா, பெரும்பாலும் பெரிய செலவுல இல்லை. "இது ஒண்ணு மட்டும் சேர்த்துக்கலாமே"ன்னு கடைசி ஒரு மாசத்துல சேர்க்கிற சின்னச் சின்ன ஐட்டம்லதான் உடையுது. அப்படி ஒரு ஐட்டத்தைத்தான் இன்னைக்கு முழுசா பிரிச்சுப் பார்க்கப் போறோம். அதுதான் ரிசப்ஷன்ல பொண்ணு மாப்பிள்ளை ஆடும்போது மேகத்துல நடக்கிற மாதிரி தெரியுமே, அந்த ஃபாக் எஃபெக்ட்.

என் சித்தி பையன் சென்னையில ஒரு ஐ.டி. கம்பெனியில வேலை பார்க்கிறான். கையில வர்ற சம்பளம் ₹38,000. கல்யாணத்துக்கு ஆறு வாரம் இருக்கும்போது போன் பண்ணினான். "அண்ணா, ஃபர்ஸ்ட் டான்ஸுக்கு ஒரு பேக்கேஜ் சொல்றாங்க. ஜி.எஸ்.டி. சேர்த்து 26,000 கிட்ட வருது. பர்சனல் லோன் அமௌன்ட்டை கொஞ்சம் ஏத்திக்கலாமா?"ன்னு கேட்டான்.

"வேண்டாம்"னு சொல்றது ரொம்ப ஈஸி. ஆனா வாழ்க்கையில ஒரு தடவை வர்ற நாள், அவனுக்கு அது ஆசை. அதனால "கொட்டேஷனை அனுப்புடா, பிரிச்சுப் பார்ப்போம்"னு சொன்னேன். அதுல நாங்க கத்துக்கிட்டதைத்தான் இங்க பாடமா எழுதியிருக்கேன்.

முதல்ல அந்தத் தொகையோட நிஜ விலை என்ன?

பேக்கேஜ் ₹22,000. 18% ஜி.எஸ்.டி. ₹3,960. மொத்தம் ₹25,960.

இதை லோன்ல போட்டா என்ன ஆகும்? 14% வட்டி, 36 மாசம்னு வெச்சுக்கோங்க. மாசம் சுமார் ₹887 இ.எம்.ஐ. மொத்தமா கட்டுறது ₹31,900-க்கு மேல. பாட்டு 4 நிமிஷம், தவணை 3 வருஷம்.

இன்னொரு விதமாவும் பார்க்கலாம். மாசம் 22 வேலை நாள்னா அவனுக்கு ஒரு நாள் சம்பளம் சுமார் ₹1,727. ₹25,960-ஐ இதால வகுத்தா 15 நாள். அதாவது 15 நாள் காலையில கிளம்பி, டிராஃபிக்ல நின்னு, மீட்டிங்ல உட்கார்ந்து சம்பாதிச்ச பணம் 4 நிமிஷத்துல போகுது.

எந்தச் செலவுக்கும் இந்த ரெண்டாவது கணக்கைப் போட்டுப் பாருங்க. ரூபாயா பார்க்கும்போது "பரவாயில்லை"ன்னு தோணுறது, வேலை நாளா பார்க்கும்போது வேற மாதிரி தெரியும்.

கொட்டேஷனை வரி வரியா பிரிக்கணும்

பேக்கேஜ்னு ஒரே தொகை சொன்னா பேரம் பேச முடியாது. அதனால "ஒவ்வொண்ணுக்கும் எவ்வளவுன்னு தனித்தனியா வாட்ஸ்அப்ல அனுப்புங்க"ன்னு கேட்கச் சொன்னேன். வந்தது இதுதான்:

- லோ ஃபாக் மெஷின், ஆபரேட்டரோட: ₹6,000
- டிரை ஐஸ் 30 கிலோ: ₹6,000
- கோல்ட் பைரோ 4: ₹5,000
- பப்பிள் மெஷின்: ₹2,500
- வண்டி வாடகை: ₹2,500

இது அவனுக்கு வந்த விலை. உங்க ஊர்ல, உங்க சீஸன்ல மாறும். ஆனா ஒண்ணு கவனிங்க. அவன் கேட்டது மேகம் மட்டும்தான். பைரோவும் பப்பிளும் அவன் கேட்கவே இல்லை. அது மட்டுமே ₹7,500. கோல்ட் பைரோ பேர்ல "கோல்ட்" இருந்தாலும் அது தீப்பொறிதான். பட்டுப்புடவையும் துணி டெக்கரேஷனும் இருக்கிற மேடையில அது ஒரு கூடுதல் கவலை.

அடுத்த கேள்வி: 30 கிலோ ஐஸ் எதுக்கு? இதுக்குப் பதில் தெரியணும்னா அந்த மேகம் எப்படி உருவாகுதுன்னு கொஞ்சம் தெரிஞ்சுக்கணும்.

டிரை ஐஸ் எப்படி வேலை செய்யுது?

டிரை ஐஸ்ங்கிறது தண்ணி ஐஸ் இல்லை. கார்பன் டை ஆக்சைடை உறைய வெச்ச கட்டி. அதோட வெப்பநிலை மைனஸ் 78.5 டிகிரி செல்சியஸ். இது உருகித் தண்ணியாகாது, நேரா வாயுவா மாறிடும். மெஷினுக்குள்ள சூடான தண்ணியில இதை இறக்கும்போது குளிர்ந்த வாயு வேகமா வெளிய வரும். அந்தக் குளிர்ல தண்ணி ஆவி சின்னச் சின்னத் துளியா மாறும். நாம பார்க்கிற வெள்ளை மேகம் அந்தத் தண்ணித் துளிகள்தான். கார்பன் டை ஆக்சைடு கண்ணுக்குத் தெரியாது.

அந்த வாயு காத்தை விட சுமார் ஒன்றரை மடங்கு கனம், குளிர்ச்சியாவும் இருக்கு. அதனாலதான் மேல எழும்பாம தரையோட படர்ந்து, கால் மறையிற அளவுக்கு நிக்குது. சாதாரண ஃபாக் மெஷின் அப்படி இல்லை. அதுல கிளைகால் கலந்த திரவத்தைச் சூடாக்கி ஊதுறாங்க. அந்தப் புகை மேல ஏறி, முகத்தை மறைச்சு, போட்டோவைக் கெடுக்கும். வாடகை குறைவுன்னு இதை எடுத்துட்டு "மேகம் மாதிரி வரலையே"ன்னு வருத்தப்படுறவங்க நிறைய. ஆர்டர் பண்ணும்போது "லோ ஃபாக், டிரை ஐஸ் மெஷின்"னு தெளிவா எழுதி வாங்குங்க.

கல்யாண மேடைகள்ல வர்ற டிரம் மாதிரி மெஷினுக்கு ஒரு தடவைக்கு சுமாரா 5-லிருந்து 10 கிலோ போதும். நாலஞ்சு நிமிஷம் நல்லா வரும். அப்போ 30 கிலோ? விசாரிச்சதுல என்ட்ரிக்கு ஒரு தடவை, டான்ஸுக்கு ஒரு தடவை, கேக் வெட்டும்போது ஒரு தடவைன்னு கணக்கு போட்டிருந்தாங்க. இதையும் யாரும் கேட்கலை.

எங்க குறைக்கலாம்?

1. ஒரே ஒரு தடவை மட்டும். என்ட்ரியா, டான்ஸா, ஏதாவது ஒண்ணைத் தேர்ந்தெடுங்க. மூணாவது தடவை வர்ற மேகத்தை யாரும் போன் எடுத்துக்கூட வீடியோ எடுக்க மாட்டாங்க.

2. பாட்டை வெட்டுங்க. தம்பி கல்யாணம் பண்ணிக்கப் போற பொண்ணுகிட்ட கேட்டப்போ, "அண்ணா, பாட்டு 4 நிமிஷம்தான். ஆனா எங்களுக்குத் தெரிஞ்சது ரெண்டே ரெண்டு ஸ்டெப்பு"ன்னு சிரிச்சாங்க. பாட்டை 3 நிமிஷமா எடிட் பண்ணியாச்சு. ஒரு லோடு ஐஸ் தாராளமா போதும்.

3. மெஷின் வெச்சிருக்கிறவர்கிட்ட நேரா பேசுங்க. நிறைய பேக்கேஜ்ல மெஷின் அவங்களோடது இல்லை. சவுண்ட் சர்வீஸ்காரர்கிட்ட வாடகைக்கு எடுத்துதான் கொண்டு வர்றாங்க. தம்பிக்கு பேக்கேஜ் சொன்னவர் அதை உடைக்க ஒத்துக்கலை. மண்டபத்துக்குப் பக்கத்துல இருந்த சவுண்ட் சர்வீஸ்காரர், ஆபரேட்டரோட ₹6,000-க்கு ஒத்துக்கிட்டார்.

4. ஐஸை நேரா வாங்குங்க. ஐஸ்க்ரீம், மருந்து பார்சல் அனுப்புறவங்களுக்கு டிரை ஐஸ் சப்ளை பண்ற டீலர்கள் பெரிய ஊர்கள்ல இருக்காங்க. குறைஞ்சபட்ச ஆர்டர் எத்தனை கிலோன்னு முதல்லயே கேளுங்க. தம்பிக்கு கிலோ ₹120-க்கு 10 கிலோ கிடைச்சுது.

5. ஜி.எஸ்.டி. கேட்டா பில் கேளுங்க. சேவைத் தொழில்ல வருஷ டர்ன்ஓவர் ₹20 லட்சத்துக்குள்ள இருக்கிறவங்க பொதுவா ஜி.எஸ்.டி. பதிவு பண்ணணும்னு கட்டாயம் இல்லை. பதிவு இல்லாதவர் ஜி.எஸ்.டி. வசூலிக்கவும் கூடாது. "18 பர்சன்ட் தனி"ன்னு சொன்னா, ஜி.எஸ்.டி. நம்பரோட பில் தரச் சொல்லுங்க.

புதுக் கணக்கு இதோ:

- மெஷின், ஆபரேட்டர்: ₹6,000
- டிரை ஐஸ் 10 கிலோ: ₹1,200
- ஐஸ் எடுத்துட்டு வர ஆட்டோ: ₹600
- மேடைக்கு வழுக்காத மேட் வாடகை: ₹500
- மொத்தம்: ₹8,300

₹25,960 எங்க, ₹8,300 எங்க! மிச்சம் ₹17,660. வேலை நாள் கணக்குல 15 நாள் இப்போ 5 நாளுக்குள்ள வந்தாச்சு. லோனை ஏத்த வேண்டிய அவசியமும் இல்லை, கையிலிருந்த பணமே போதும்.

எங்க குறைக்கவே கூடாது?

இந்தப் பகுதியை வேகமா தாண்டிப் போயிடாதீங்க. பட்ஜெட் பேசுறேன்னு சொல்லிட்டு இதைச் சொல்லாம விட்டா அது தப்பு.

1 கிலோ டிரை ஐஸ் முழுசா ஆவியானா சுமார் 550 லிட்டர் கார்பன் டை ஆக்சைடு வரும். 10 கிலோவுக்கு 5.5 கன மீட்டர். இதை ஹாலோட அளவோட ஒப்பிட்டுப் பார்ப்போம்.

60 அடி நீளம், 40 அடி அகலம், 15 அடி உயரம் உள்ள ஹால்னா 36,000 கன அடி, அதாவது சுமார் 1,020 கன மீட்டர். அதுல 10 கிலோ ஆவியாகி எல்லா இடத்துலயும் சமமா கலந்தா சுமார் 0.5 சதவீதம். 8 மணி நேரம் வேலை செய்யற இடத்துக்கு பொதுவா வெச்சிருக்கிற வரம்பே இந்த 0.5 சதவீதம்தான். சில நிமிஷத்துக்கு, கதவைத் திறந்து விடுற ஹால்ல, பெரிய பிரச்சினை இல்லை.

இப்போ 30 அடிக்கு 20 அடி, 10 அடி உயரம் உள்ள ஒரு சின்ன ஏ.சி. பார்ட்டி ஹாலை எடுத்துக்கோங்க. அது 170 கன மீட்டர்தான். அதே 10 கிலோ அங்க 3 சதவீதத்தைத் தாண்டும். 30 கிலோ போட்டா 9 சதவீதத்துக்கும் மேல. அமெரிக்காவோட தொழிலிடப் பாதுகாப்பு ஆய்வு நிறுவனமான நையோஷ், 4 சதவீதத்தையே உயிருக்கு உடனடி ஆபத்தான அளவுன்னு வெச்சிருக்கு.

இதுவும் எல்லா இடத்துலயும் சமமா கலந்தா வர்ற கணக்கு. நிஜத்துல வாயு தரையோட தேங்கும். 5 அடிக்கு மேல முகம் இருக்கிற பொண்ணு மாப்பிள்ளைக்கு ஒண்ணும் தெரியாது. மேகத்தைப் பார்த்ததும் அதுக்குள்ள ஓடி, உட்கார்ந்து, படுத்து விளையாடுற மூணு வயசுக் குழந்தைக்கு நிலைமை வேற. தலைவலி, மூச்சு வாங்குறது, மயக்கம் இதெல்லாம் அறிகுறி.

2020 பிப்ரவரியில மாஸ்கோவுல ஒரு பிறந்தநாள் பார்ட்டியில, மூடின இடத்துல இருந்த நீச்சல் குளத்துல, மேகம் வரணும்னு டிரை ஐஸைக் கொட்டினாங்க. 3 பேர் இறந்துட்டாங்க. அவங்களுக்கும் அது வெறும் ஒரு எஃபெக்ட்டாதான் தெரிஞ்சிருக்கு.

அதனால இந்த விஷயங்கள்ல காசு மிச்சம் பிடிக்காதீங்க:

- ஆபரேட்டர் கட்டாயம். "அண்டாவுல வெந்நீர் ஊத்தி நாமளே ஐஸ் போட்டுக்கலாம், ₹6,000 மிச்சம்"னு யாராவது ஐடியா குடுப்பாங்க. வேண்டாம். அந்த ₹6,000 இல்லைன்னா எஃபெக்ட்டையே விட்டுடுங்க.
- சின்ன ஹால், பேஸ்மென்ட் ஹால், ஜன்னல் திறக்காத ஹால்னா டிரை ஐஸ் வேண்டாம். பின்னாடி இருந்து வர்ற நல்ல லைட் போதும்.
- டான்ஸ் முடிஞ்ச உடனே கதவுகளைத் திறங்க, ஃபேனைப் போடுங்க. ஆடும்போது மேடைக்கு மேல இருக்கிற ஃபேனை நிறுத்தணும், இல்லைன்னா காத்து மேகத்தைக் கலைச்சுடும். அந்த 3 நிமிஷம் முடிஞ்சதும் திரும்பப் போட ஒரு ஆளை முன்னாடியே சொல்லி வெச்சிருங்க. வெள்ளை மேகம் மறைஞ்சா வாயுவும் போயிடுச்சுன்னு அர்த்தம் இல்லை.
- குழந்தைகளைப் பார்த்துக்க ரெண்டு பெரியவங்க. மேடைக்கு ரெண்டு பக்கமும் ஒருத்தர். இதுக்குச் செலவு பூஜ்யம்.
- ஐஸை ஏ.சி. காருக்குள்ள எடுத்துட்டு வராதீங்க. காருக்குள்ள இருக்கிற இடமே 3 கன மீட்டர் அளவுதான். 1 கிலோ ஆவியானாலே அதுல பெரிய பங்கு. காத்தோட்டமான ஆட்டோதான் நல்லது.
- வெறும் கையால தொடாதீங்க, இறுக்கி மூடாதீங்க. தோல் வெந்த மாதிரி புண்ணாகும், தடிமனான கையுறை வேணும். தெர்மாகோல் பெட்டியில மூடி லேசா இருக்கணும். பாட்டில், டப்பாவுல போட்டு இறுக்கி மூடினா வெடிக்கும்.

ஒரு நல்ல விஷயம் கவனிச்சீங்களா? 30 கிலோவை 10 கிலோவா குறைச்சதுல பணமும் மிச்சம், ஆபத்தும் குறைவு. இங்க சிக்கனமும் பாதுகாப்பும் ஒரே பக்கம்தான் நிக்குது.

புக் பண்றதுக்கு முன்னாடி மண்டப மேனேஜர்கிட்ட கேட்க வேண்டியவை

- ஃபாக் மெஷினுக்கு அனுமதி உண்டா? ஸ்மோக் டிடெக்டர் இருக்கா?
- மேடைக்குப் பக்கத்துல 15 ஆம்பியர் பிளக் பாயின்ட் இருக்கா? இந்த மெஷின்ல தண்ணியைச் சூடாக்க 2, 3 கிலோவாட் ஹீட்டர் இருக்கும். சீரியல் லைட் ஓடுற அதே லைன்ல மாட்டினா டிரிப் ஆகி, பாட்டு பாதியில நிக்கும்.
- ஜெனரேட்டர்ல ஓடினா டீசல் தனியா போடுவாங்களா?
- தரை ஈரமானா கிளீனிங் சார்ஜ் பிடிப்பாங்களா? மேகம் படிஞ்சு தரை ஈரமாகும், கிரானைட் வழுக்கும். புதுச் செருப்பு, பட்டுப்புடவையோட ஆடுறவங்களுக்கு அந்த ₹500 மேட் அவசியம்.

நேரமும் முக்கியம். தண்ணி சூடாக அரை மணி நேரத்துக்கு மேல ஆகும். டிரை ஐஸ் பெட்டியில இருந்தாலும் கரைஞ்சுக்கிட்டே இருக்கும், அதனால முந்தின நாளே வாங்கி வைக்காதீங்க. 7:30-க்கு டான்ஸ்னா மாலை 4 மணிக்கு வந்தா போதும். மிஞ்சின ஐஸை மொட்டை மாடி மாதிரி திறந்த இடத்துல, குழந்தைங்க போகாத மூலையில வெச்சிருங்க, தானா மறைஞ்சுடும்.

பணம் கொடுக்கும்போது அட்வான்ஸ் 30 சதவீதத்துக்கு மேல வேண்டாம். என்ன மெஷின், எத்தனை நிமிஷம், எத்தனை மணிக்கு எல்லாத்தையும் வாட்ஸ்அப்ல எழுதி வாங்குங்க. மெஷின் ஓடலைன்னா மீதி கிடையாதுன்னு முன்னாடியே பேசிடுங்க.

கடைசியா என்ன ஆச்சு?

ரிசப்ஷன் நல்லபடியா நடந்துச்சு. நான் மேடைக்கு இடது பக்கம் குழந்தைங்க காவல். மேகம் வந்ததும் நாலஞ்சு வாண்டுங்க பாய்ஞ்சு வந்தாங்க, ரெண்டு பேரை நானே தூக்கி வெச்சுக்கிட்டேன். பாட்டு முடியறதுக்கு அரை நிமிஷம் முன்னாடி மேகம் கொஞ்சம் மெலிஞ்சு போச்சு. எனக்கும் ஆபரேட்டருக்கும் மட்டும்தான் தெரிஞ்சுது. சித்தி முன் வரிசையில உட்கார்ந்து அழுதுக்கிட்டு இருந்தாங்க, அவங்க மேகத்தைப் பார்க்கவே இல்லை.

அந்த ₹17,660 என்ன ஆச்சுன்னா, அடுத்த மாசம் வாடகை வீடு பார்த்தாங்க. அட்வான்ஸ்ல அது அப்படியே போச்சு. கல்யாணம் முடிஞ்ச முதல் மாசம்தான் சம்பளக்காரங்களுக்கு ரொம்ப டைட்டான மாசம். அட்வான்ஸ், கேஸ் கனெக்ஷன், கட்டில், மிக்ஸின்னு எல்லாம் ஒண்ணா வரும். ரிசப்ஷன் ஸ்டேஜ்ல நின்னு பார்க்கும்போது அந்த மாசம் யார் கண்ணுக்கும் தெரியாது.

இதுல இருந்து நான் வெச்சுக்கிட்ட விதி ஒண்ணு இருக்கு. பத்து நிமிஷத்துக்குள்ள முடியற எந்த எஃபெக்ட்டுக்கும் 5 நாள் சம்பளத்துக்கு மேல போகக் கூடாது, அதுவும் கையில இருக்கிற பணத்துலதான். உங்க சம்பளத்தை 22-ஆல வகுத்து, 5-ஆல பெருக்கிப் பாருங்க. அந்தத் தொகைக்குள்ள வந்தா சந்தோஷமா பண்ணுங்க. வரலைன்னா, கொட்டேஷனை மறுபடியும் வரி வரியா பிரிங்க.

அடுத்த வீடியோவுல மண்டப வாடகை ரசீதுல ஒளிஞ்சிருக்கிற கரண்ட், கிளீனிங், டீசல் சார்ஜ் பத்தி விரிவா பார்க்கலாம். இந்த மாசம் கல்யாண வேலையில இருக்கிற நண்பர் யாராவது இருந்தா இதை அவங்களுக்கு அனுப்புங்க, முக்கியமா அந்த கார்பன் டை ஆக்சைடு பகுதியை.